ஷௌகத் அலி விரல் வைத்த கலம்

எங்கள் ஓசூர் பட்டறையில் வெல்டர் ஷௌகத் அலி பாய் கண்ணை நம்ப மாட்டார். ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தடவித்தான் நல்லது கெட்டது சொல்வார். நான் அவருக்குக் கையாள்.

தொண்ணூற்றேழில் பெங்களூர் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றுக்குக் குடம் அளவில் ஓர் எஃகுக் கலம் செய்தோம். அதிலிருந்து காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டுத் துளி வாயுவை விடுவார்களாம். கண் சிமிட்டும் நேரத்தை லட்சம் கோடிக் கூறு போட்டால் ஒரு கூறு. அவ்வளவு நேரமே இருக்கும் ஒளியால் அதை அடிப்பார்களாம். அடிபட்ட மூலக்கூறு எலக்ட்ரானை இழந்து, மின்னேற்றம் பெற்று ஓடும். வந்து சேரும் நேரத்தை வைத்து அது இன்னதென்று சொல்லிவிடுவார்களாம். படைத்தவன் எவ்வளவு சிறியதையெல்லாம் படைத்திருக்கிறான் என்று மலைத்தேன். கையுறை இல்லாமல் உள்ளே தொடக்கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள்.

கலம் போன பத்தாம் நாள் முதலாளி தங்கதுரை கத்தினார்.

"என்ன பாய், உள்ள கொழம்பு காச்சுனீங்களா? வாயு உடறதுக்கு முன்னாடியே என்னென்னமோ தெரியுதாம். ரெண்டு பேரும் போய்ப் பாருங்க. கலம் திரும்பி வந்துச்சுன்னா நீங்க வேலைக்கு வர வேணாம்."

பஸ் அத்திப்பள்ளி தாண்டியதும் பாய் என் காதருகே குனிந்தார்.

"நசருல்லா, கடைசி ஒட்ட வெறுங்கையால தடவிட்டேன்டா. ஜும்மா முடிச்சு வந்த கை. அத்தர் வேற."

"யாருக்கும் தெரியாது பாய். சொல்லாதீங்க."

"அல்லாவுக்குத் தெரியும்ல?"



அங்கே வீரலட்சுமி என்ற ஆராய்ச்சியாளர் அம்மா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், திரையைக் காட்டினார். கோடு முள் முள்ளாக எழும்பி நின்றது. ஒவ்வொரு முள்ளும் ஒரு வகை மூலக்கூறாம்.

"ஒட்டுல ஓட்டை இல்ல. பம்பு எண்ணெய்தான் உள்ள போயிருக்கும்னு நெனைக்கேன். பம்பு கொடுத்தவங்களக் கூப்பிட்டிருக்கு."

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்போம். நான் பாயின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"பம்பு இல்லீங்கம்மா," என்றார் பாய். "என் கை. வெறுங்கையால உள்ள தடவிட்டேன், கை எண்ணெயும் அத்தரும்தான் அது."

அந்த அம்மா போனை எடுத்தார். முதலாளிக்குத்தான் என்று நினைத்து துஆ ஓதத் தொடங்கினேன். ஆனால் பம்புக்காரர்களிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"கலத்த சூடாக்கிக்கிட்டே ரெண்டு நாள் உறிஞ்சுவோம். போனாப் போச்சு. போகலேன்னா திருப்பி அனுப்பத்தான் வேணும்."

அந்த இரண்டு நாளும் பாய்க்குச் சோறு இறங்கவில்லை. தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்ற கணக்கே தவறியது என்று என்னிடம் அழுதார்.

மூன்றாம் நாள் மறுபடி போனோம். ஒளியை அடித்தார்கள். கோடு தட்டையாக ஓடியது. ஓர் இடத்தில் மட்டும் சின்ன முள் எழும்ப, பாய் பதறினார். அது தண்ணீர், எந்தக் கலத்திலும் கொஞ்சம் இருக்கும் என்றார் அந்த அம்மா.

"மத்ததெல்லாம் போயிருச்சு, பாருங்க."

பாய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தரம் அடிச்சுப் பாருங்கம்மா," என்றார்.