பரணில் ஏறிய மருந்து

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசி மாதம், பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த சமயத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் ஒலக்கூர் பக்கம் ஒரு சின்ன கிராமம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் நான். தினமும் அத்தனை பிள்ளைகளுக்கும் ஆக்கிப் போட்டுப் போட்டு, சுத்தம், ஒழுங்கு என்று ஒரு பிடிவாதம் வந்து ஒட்டிக்கொண்டது. கூடவே அதிகாரமும். வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் அதுதான்.

என் வீட்டுக்காரர் திண்டிவனம் பக்கம் ஜல்லி உடைக்கிற கிரஷரில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக இருக்கும். கிழவன் வந்துட்டான் என்று கேலி செய்துகொண்டே தண்ணீர் எடுத்து வைப்பேன். அந்தத் தூசு மீசையில் மட்டும் உட்காரவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பீடிப் பழக்கம் வேறு. நாற்பத்தெட்டு வயதில் நாலு குடம் தண்ணீர் தூக்கினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இது நாள்பட்ட நுரையீரல் நோய், அடியோடு போகாது, கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பீடியை விட்டார், கிரஷரையும் விட்டார். இருந்தும் அடுத்தடுத்து இரண்டு மார்கழிகளில் ஆம்புலன்ஸில் போட்டுக்கொண்டு ஓடினோம். இரண்டாவது தடவை அவரை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இன்னொரு தடவை இப்படி முற்றிப்போய் வந்தால் திரும்பிப் போவார் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அன்றைக்கு பஸ்ஸில் அவர் பக்கம் திரும்பாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதோடுதான் எங்கள் மாதாந்திரப் பயணம் தொடங்கியது. நோய் முற்றிய பிறகு ஓடிவராமல், மாதம் ஒருநாள் நன்றாக இருக்கும்போதே வரவேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் நுரையீரல் பிரிவில் ஒரு ஏற்பாடு. விரலில் கிளிப் மாட்டி மூச்சுக்காற்று உடம்பில் சேர்கிற அளவைப் பார்ப்பார்கள். வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்க வைப்பார்கள். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லிக் கொடுப்பார்கள். சளிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டார்கள். இவற்றையெல்லாம் பார்ப்பது ஒரு நர்ஸம்மா. இஸ்திரி போட்ட சட்டை, தலைக்கு எண்ணெய், நெற்றியில் திருநீறு என்று மாப்பிள்ளை மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எங்கள் ஊரிலேயே இவர் ஒருத்தர்தான் என்று தெருவே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீட்டுக்கு இரண்டு மருந்து கொடுத்தார்கள். ஒன்று, காலையும் மாலையும் தவறாமல் எடுக்கவேண்டியது. சின்னக் கருவிக்குள் ஒரு கேப்ஸ்யூலைப் போட்டுத் திருகி, வாயில் வைத்து உள்ளே இழுக்கவேண்டும். மூச்சுத்திணறல் வராமல் தடுக்கிற மருந்து அது. இன்னொன்று நீலநிற ஸ்ப்ரே. அது திணறல் வந்துவிட்டால் மட்டும் அடிப்பதற்கு.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். இந்த மார்கழி ஆஸ்பத்திரியில் படுக்காமல் தாண்டிவிட்டால் தீ மிதிக்கிறேன் என்று எங்கள் ஊர் திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். மார்கழி தாண்டியது. தையும் தாண்டியது. ஒரு நாள்கூட அவர் படுக்கவில்லை. மருந்தும் பயிற்சியும் ஒரு பக்கம் வேலை செய்திருக்கும்தான், ஆனால் நான் மொத்தப் புண்ணியத்தையும் அம்மன் கணக்கில்தான் எழுதினேன்.

வைகாசியில் கொடியேறியதும் கையில் மஞ்சள் காப்பு கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டிவிட்டால் பத்து நாளும் ஒருவேளைச் சாப்பாடு. வீட்டுக்குள் கவுச்சி நுழையக்கூடாது. ஊர் எல்லையைத் தாண்டி வெளியே ராத் தங்கக்கூடாது. மீன் சட்டி, கறி சமைக்கிற குண்டான், முட்டை வேகவைக்கிற கிண்ணம் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து, பழைய புடவையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்து வீட்டுப் பெண் போனும் கையுமாக வந்தாள். ஏதோ வீடியோவில் பார்த்தாளாம். கேப்ஸ்யூலின் மேல்கூட்டை மாட்டு எலும்பைக் காய்ச்சித்தான் செய்கிறார்களாம்.

எனக்குப் பகீரென்றது. அம்மன் காப்பைக் கட்டிக்கொண்டு, சாமி மாடத்துக்குப் பக்கத்து அலமாரியில் எலும்பை வைத்திருக்கிறேனே! உடனே மருந்து டப்பாவையும் கருவியையும் எடுத்து மீன் சட்டி மூட்டைக்குள் திணித்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அவர் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். மூட்டையைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். “ஒண்ணும் பேசாதீங்க, பத்து நாளுதான். அதான் நல்லாக்கீறீங்க இல்ல? ஸ்ப்ரே கீழதான் இருக்குது, அதுல கேப்ஸ்யூல் கெடையாது” என்று மேலே இருந்தே சொல்லிவிட்டு மூட்டையைப் பரணில் தள்ளினேன். அவர் தலையை ஆட்டினார். நான் இறங்கும்வரை ஸ்டூலைப் பிடித்தபடியே நின்றார்.

ஆறு நாள் ஓடியது. கோயில், பாரதம் கேட்பது, மஞ்சள் தண்ணீர் என்று நான் ஒரே சுறுசுறுப்பு. அவரும் வழக்கம்போலத்தான் இருந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் பேச்சு குறைந்திருந்தது. அடிக்கடி தோட்டத்துப் பக்கம் போய்வந்தார். அவர் எப்போதுமே அதிகம் பேசுகிறவர் இல்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் நர்ஸம்மா போன் செய்து, நாளைக்கு ஐயா வரவேண்டிய நாள் என்று ஞாபகப்படுத்தினார்.

“காப்புக் கட்டிக்கினு இருக்கேன் சிஸ்டர். அவுரும் நல்லாத்தான் இருக்காரு. அடுத்த மாசம் வர்றோமே” என்றேன்.

“நல்லா இருக்கறப்பதாம்மா நான் பாக்கணும். நல்லா இல்லன்னா பாக்கறதுக்கு டாக்டருங்க இருக்காங்க. காலையில வந்தா பொழுதோட வூட்டுக்குப் போயிடலாம். வாங்க” என்றார்.

அந்தம்மா குரலில் ஒரு கண்டிப்பு இருந்தது. என்னிடம் கண்டிப்பாகப் பேசுகிறவர்கள் குறைவு. சரி என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை திண்டிவனம் போய் பஸ் மாறி விழுப்புரம் போனோம். பஸ்ஸ்டாண்டிலிருந்து வெளியே வரும்போதே இரண்டு இடத்தில் நின்றார். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் எப்படி இருக்கிறார் என்று நர்ஸம்மா அவரைத்தான் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன், சூப்பராக இருக்கிறார் என்று.

விரலில் கிளிப்பை மாட்டி நடக்கவிட்டார்கள். வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்பவேண்டும். போன மாதம் ஆறு நிமிஷமும் நிற்காமல் நடந்தவர். அன்றைக்கு இரண்டாவது சுற்றிலேயே கை சுவரைத் தேடியது. மூன்றாவது சுற்றுக்குத் திரும்பியவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். தோள்பட்டை இரண்டும் மேலும் கீழும் தூக்கித் தூக்கிப் போட்டது. இஸ்திரிச் சட்டை முழுக்க வேர்வை. நர்ஸம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, கிளிப்பில் எண்ணைப் பார்த்தார். அந்த எண்ணை எனக்கும் படிக்கத் தெரியும். தொண்ணூறுக்குக் கீழே போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், போயிருந்தது.

பையிலிருந்த நீல ஸ்ப்ரேயை வாங்கி ஆட்டிப் பார்த்தார் நர்ஸம்மா. போன மாதம் புதிதாகக் கொடுத்தது, கிட்டத்தட்டக் காலியாகி இருந்தது. தோட்டத்துப் பக்கம் அவர் எதற்குப் போய்வந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“கேப்ஸ்யூல் மருந்து எங்கம்மா?”

பொய் சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. முடியவில்லை. மாட்டு எலும்பு, மீன் சட்டி மூட்டை, பரண் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் முன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அந்தம்மா திட்டவில்லை. உள்ளே போய் ஒரு கருவியும் கேப்ஸ்யூலும் எடுத்துவந்து என் எதிரே உட்கார்ந்தார். கேப்ஸ்யூலைப் போட்டுத் திருகினார். பிறகு கருவியைத் திறந்து என் உள்ளங்கையில் தட்டினார். உடைந்த கூடு இரண்டு துண்டாக விழுந்தது.

“பொடி மட்டும்தாம்மா உள்ள போவுது. கூடு இதுலயே நின்னுடும். வாயில படறதுகூட இல்ல. தினம் இழுத்து முடிச்சதும் தட்டிக் கொட்டிட வேண்டியதுதான்” என்றார். “வேற எதுனா சந்தேகம்னா எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே. கூடே இல்லாத மருந்தும் இருக்குதே, மாத்திக் குடுத்திருப்பேனே.”

டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். சளி கட்ட ஆரம்பித்திருக்கிறது, நல்லவேளை ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், இரண்டு நாள் தங்கினால் போதும் என்றார். இன்னும் மூன்று நாள் விட்டிருந்தால் ஆம்புலன்ஸில்தான் வந்திருப்பார் என்றும் சொன்னார். மூன்று நாள் கழித்துத்தான் தீமிதி. நான் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு தீக்குழியில் இறங்கும் நேரத்தில் இவர் வீட்டில் தனியாக மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்திருப்பார்.

பிள்ளைகள் இருவரும் வெளியூரில். கூடத் தங்க என்னை விட்டால் ஆள் இல்லை. தங்கினால் காப்பு கெட்டுவிடும். அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் பயம் போகவில்லை, மறைக்காமல் சொல்கிறேன். வெளியே வந்து ஊர்ப் பூசாரிக்குப் போன் போட்டேன். எனக்கு அண்ணன் முறை. நடந்ததைச் சொல்லி, இன்னா அண்ணே பண்றது என்று கேட்டேன்.

“ஏன் தங்கச்சி, உங்கண்ணி சர்க்கரைக்கு தினம் ஊசி போட்டுக்கினுதான் அம்மனுக்கு மாலை கட்டுது. அதையும் நிறுத்தச் சொல்லுவியா?” என்றார். “நீ அங்கயே இரு. காப்பை அவுத்து எதுனா மரத்துல கட்டிட்டு அவன் பக்கத்துல போய் உக்காரு. தீமிதி வருஷா வருஷம் வரும். அம்மனுக்கு நான் சொல்லிக்கிறேன்.”

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதில் காப்பைக் கட்டிவிட்டு உள்ளே போனேன். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் புகை மருந்து வருகிற மாஸ்க். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. தினமும் இழுத்து முடித்ததும் கூட்டைத் தட்டிக் கொட்டவேண்டும் என்றார்களே, இத்தனை மாதம் அதைக் கொட்டியது யார்? நான் ஒருநாளும் கொட்டியதில்லை.

மாஸ்க்கைக் கழற்றியதும் கேட்டேன், கூடு உள்ளே போகாது என்று உங்களுக்குத் தெரியாதா என்று.

“தெரியும் புள்ள” என்றார். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். “தினம் நான்தானே கொட்டுறேன்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீ எனுக்காகத்தானே... நெருப்புல எறங்கப் போற. அதைக் கெடுப்பானேன்னு வுட்டுட்டேன்.” இன்னொரு மூச்சு. “சொல்லலாம்னுதான் வந்தேன். நீ பேசிக்கினே இருந்த. எனுக்கு மூச்சு புடிச்சுப் பேசறதுக்குள்ள... நீ மூட்டையை மேல ஏத்திட்ட.”

குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. மழை வந்தது, துணி நனைந்தது என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டார். நான் வார்டு என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோய், வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாதும்மா என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

இரண்டு நாளில் அவர் தேறி, மூன்றாம் நாள் மதியம் வீடு வந்து சேர்ந்தோம். அன்று சாயங்காலம் ஊரே குழிக்கரையில் நின்றது. புகை ஆகாது என்று அவரும் நானும் போகவில்லை, மேளச் சத்தத்தை வீட்டிலிருந்தே கேட்டோம். முதல் வேலையாகப் பரணிலிருந்து மூட்டையை இறக்கினேன். மருந்து டப்பாவில் லேசாக மீன் வாடை அடித்தது. அதை எறிந்துவிட்டு, நர்ஸம்மா கொடுத்தனுப்பிய புது டப்பாவைப் பழைய இடத்திலேயே வைத்தேன். மறு வருஷம் காப்புக் கட்டித் தீயும் மிதித்தேன். அந்தப் பத்து நாளும் காலையும் மாலையும் நானே மருந்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

மாதம் ஒருநாள் இஸ்திரிச் சட்டையோடு விழுப்புரம் போவது இன்றும் நிற்கவில்லை. எப்படி இருக்கீங்க என்று நர்ஸம்மா கேட்கும்போது என் நாக்கு துறுதுறுக்கத்தான் செய்கிறது. அவரே சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொள்கிற அந்த நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு இருபத்தெட்டு வருஷக் குடித்தனம் தேவைப்பட்டிருக்கிறதே என்று நினைத்தால், இப்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.