எனக்குத் தெரிந்த சப்ளை

வேலந்தாவளத்தில் என் அண்ணன் மளிகைக்கடை வைத்திருக்கிறார். கல்யாண வீடுகளுக்கு அரிசி, பருப்பு அனுப்புவதற்கு எங்கள் ஊரில் சப்ளை என்று பெயர். அதற்கு மேல் அந்தச் சொல்லைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

மனைவியை இழந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். முதல் வாரமே பக்கத்து வீட்டு அக்கா, "இன்னைக்கு எங்களுக்கு சப்ளை வேலை" என்றார். மூட்டை தூக்கப் போகிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், பட்டுப்போன தேயிலைச் செடியை வேரோடு தோண்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் புதுக் கன்று வைக்கிறார்கள். அதுதான் சப்ளையாம்.

"பழைய வேரு கெடந்தா புதுசு புடிக்காது" என்றார் அக்கா. அவர் செடியைத்தான் சொன்னார். எனக்குத்தான் அது வேறு மாதிரிக் கேட்டது. வீட்டில் என் கணவரின் மகள் இருந்தாள், பத்து வயது. என்னை எந்த முறை சொல்லியும் அவள் கூப்பிட்டதில்லை.

பிறகு ரேஷன் கார்டில் என் பெயரைச் சேர்க்க மூவரும் சப்ளை ஆபீஸுக்குப் போனோம். கேரளாவில் வீட்டின் மூத்த பெண்மணி பெயரில்தான் கார்டு. அவர் படம்தான் முன்னால் இருக்கும். எங்கள் கார்டில் இன்னும் என் கணவரின் மகளுடைய அம்மாதான் இருந்தார்.

"மரிச்ச ஆளோட பேரை வெட்டணும்" என்றார் அங்கிருந்தவர். "பழைய கார்டைத் தந்துட்டு, இவங்க போட்டோ வெச்சுப் புதுசு எடுக்கணும்."

மகள் மேஜைமேல் இருந்த கார்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அழவில்லை. அவள் அப்பா என்னைப் பார்த்தார். அந்த மனிதருக்கு எதற்கென்றாலும் என் முகத்தைப் பார்க்கத்தான் தெரியும். எனக்குக் கார்டில் பெயர் வேண்டுமா, வேண்டாமா? வேண்டும்தான். வாயில் வந்தது வேறு.

"இப்போதைக்கு இருக்கட்டுங்க. அப்புறம் வர்றோமுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பஸ்ஸில் வழி நெடுக என்மேலேயே எரிச்சல். பெரிய தியாகி என்று நினைப்பு.

அடுத்த முறை ரேஷன் வாங்க, கார்டில் பெயருள்ளவர்தான் கைரேகை வைக்க வேண்டும் என்பதால் அந்தப் பெண்ணையும் கூட்டிப் போனேன். கடைக்காரர் புதியவர். கார்டில் இருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்க இல்லியே. நீங்க யாரு?"



"எங்க வீட்டு ஆளுதான்" என்றாள் அவள், மெஷினில் விரலை வைத்தபடி.

அம்மா என்று சொல்லவில்லை. சித்தி என்றும் சொல்லவில்லை. அரிசிப் பையின் ஒரு காதை அவள் பிடித்துக்கொண்டாள், மற்றதை நான் பிடித்தேன்.