கோப்பாய்க்குப் போவதாகச் சொன்னவன்

தம்பி தங்கச்சிமாரே, போர்க்காலத்தில் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

குண்டு போட வரும் ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டால், பெற்றோர் நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிவரச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். வருபவர் தன் ஊர்ப் பிள்ளைகளையும் ஏற்றிப்போவது வழக்கம். எங்கள் ஊர் கோப்பாய். அன்று நான் போனபோது, எங்கள் கிறிஸ்தவப் பள்ளிக்கூட அதிபரான கன்னியாஸ்திரி சிஸ்டர் என் மகளை இறுக அணைத்தபடி வாசலில் நின்றார்.

"ஒருத்தன் 'கோப்பாய்க்குப் போறன்' எண்டு வந்தான். ரீச்சர் பிள்ளையை ஏத்திவிட்டிட்டா. நான் மறிச்சு, 'இவவின்ரை அப்பா ஆர்?' எண்டு கேட்டன். இறக்கிவிட்டிட்டு ஓடிட்டான்."

நான் மகளின் முன் குனிந்தேன். மகள் மெல்லச் சொன்னாள்: "அப்பா, அவர் என்ரை பேரைக் கேக்கவே இல்லை."

ரீச்சர் அழுதார். "குண்டு விழுமெண்ட பயத்திலை அனுப்பிட்டன், சிஸ்டர்."

"அதிபர் நான். பிழையும் என்ரைதான். இனித் தாய் தேப்பன் நேரிலை காட்டித்தந்த ஆளிட்டைத்தான் பிள்ளையைக் குடுப்பம்."

அடுத்த கிழமை மறுபடி ஹெலி வந்தது. வழக்கம்போலப் பக்கத்து வீட்டு வாணியையும் ஏற்றப்போனேன். "அவவின்ரை அப்பா உங்களைக் காட்டித்தரேல்லையே" என்று சிஸ்டர் மறித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. மகளையும் வாணிக்குத் துணையாக அவரிடமே விட்டுவிட்டு, வாணியின் அப்பாவைக் கூட்டிவரச் சைக்கிளை மிதித்தேன்.