பாய்லருக்குள் சூசை

நேற்று பேரனின் மோட்டார் சைக்கிளைப் பழுது பார்க்கும் கடையில் எண்ணெயில் ஊறிய பஞ்சின் வாசம் அடித்ததும், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் லாலாங் புல்லுக்குள் கிடந்த பழைய எஞ்சின் பாய்லர் நினைவுக்கு வந்தது. இன்று அங்கே அடுக்குமாடிகள் நிற்கின்றன.

குடியிருப்புப் பையன்கள் ஒன்பது பேரும் கூடாரக் கொட்டகையில் ஓர் ஊமைப்படம் பார்த்திருந்தோம். ஒரு படையே சூழ்ந்தும் பீரங்கி வண்டியை விட்டு இறங்காத நான்கு சிப்பாய்களின் கதை. மறுநாளிலிருந்து பாய்லர்தான் எங்கள் பீரங்கி வண்டி. உள்ளே ஒருவன், வெளியே எட்டுப் பேர், தண்டவாளச் சரளைக்கல் இரும்பில் மோதும் சத்தம் பொழுது சாயும்வரை ஓயாது, உள்ளே இருப்பவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதபடி வெளியே வந்தால்தான் ஆட்டம் முடியும். சூசை மட்டும் வரவே மாட்டான்.

"கையத் தூக்கிட்டு வாடா," என்றேன் ஒரு நாள்.

"எட்டுப் பேரு பத்தாதுலா. உங்கப்பாவையும் கூட்டிட்டு வா."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எஞ்சின் துடைத்துப் போட்ட எண்ணெய்ப் பஞ்சைக் கொளுத்தி, கரி போடும் வாய் வழியாக எறிந்து, அதன் கதவைச் சாத்தி முதுகால் அழுத்திக்கொண்டேன். விளையாட்டுக்கு அல்ல, அவனுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் எறிந்தேன். அவன் உதைத்தது என் முதுகெலும்பில் அதிர்ந்தது. உதை நின்ற பிறகுதான் விலகினேன்.

பிழைத்தான், வெந்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவன் அப்பா விசாரித்தபோது, "நாந்தாம்பா பீடி பத்த வச்சேன்," என்றான். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"ஆமா மாமா, இவன் குடிப்பான்," என்றேன்.

கட்டுப் போட்ட கைகளோடு நின்றவனை அவர் பெல்ட்டைக் கழற்றி அடித்தார்.