சத்திரக்காரி வேடம்

ஹேமன் பீப்பாய் செய்யும் தச்சர். பேச்சுக்கும் அவருக்கும் வெகு தூரம். நெருப்பில் பலகையை வளைப்பார், வளையத்தை இறுக்குவார், கூப்பிட்டால் தலையாட்டுவார். இருவருக்கும் சேர்த்து அவர் மனைவி எம்மட் பேசினாள். அவள் திட்டு கேள்வியில் தொடங்கும், சாப்பாட்டில் முடியும். "எங்கய்யா போய்த் தொலைஞ்சீரு? காதுல தார் ஊத்தி அடைச்சிருக்கா? பட்டாணிக் கூழு ஆறுது, வந்து கொட்டிக்கும்."

மகள் சிபோட்டா ஹம்பர் ஆற்றுக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். தாய்க்கு முடியவில்லை என்று சேதி வந்தபோது காற்று முரண்டு பிடித்தது. ஓடம் விடவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது குழியை மூடியிருந்தார்கள்.

"அம்மா கடைசியா ஏதாச்சும் சொன்னாளாப்பா?"

ஹேமன் உளியைப் பார்த்தார். "ம். சொன்னா."

அதற்கு மேல் வரவில்லை.

அந்தக் கோடையில் நற்கருணைத் திருநாள் வந்தது. அன்று ஒவ்வொரு தொழில் சங்கமும் தெருவில் வண்டி மேல் மேடை கட்டி ஒரு வேதாகமக் கதையை நடிக்கும். தச்சர் சங்கத்தின் வண்டி மேடையில் வழக்கம்போல் பெத்லகேம் சத்திரம். சத்திரக்காரி வேடத்தை ஹேமனே கேட்டு வாங்கினார். ஊமைக்கு எதற்கு இந்த ஆசை என்று ஊர் கேட்டது.

நாடகப் பாட்டை எழுதியவர் ஒரு துறவி. வரிக்கு வரி மோனை தட்டும். ஹேமன் நான்கு வரியைக் கட்டைக் குரலில் ஒப்பித்தார். பிறகு மோனை உடைந்தது. இடுப்புக்குக் கை போனது. "எங்கய்யா போய்த் தொலைஞ்சீரு?" கேள்வி மேல் கேள்வி, நடுவில் ஒரு சின்ன இருமல். எம்மட்டேதான்.

தெரு சிரித்தது. "எம்மட் எந்திரிச்சு வந்துட்டாடோய்!" என்று ஒருவன் கத்தினான். திருநாளுக்கு வந்திருந்த சிபோட்டா கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியேறினாள்.

மாலையில் வீட்டில் கேட்டாள். "செத்தவள ஊரு சிரிக்க வச்சிட்டீங்களே. உயிரோட இருந்தப்ப ஒரு பதில் பேசல. இப்பத்தான் வாய் வந்துச்சாக்கும்?"

வேடத்துக்காக முகத்தில் பூசிய மாவைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. அவள் அன்றே ஓடம் ஏறினாள். அந்தக் குளிர்காலத்தில் ஹேமன் நெஞ்சுச் சளியில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சாவு வீட்டில் ஏல் என்னும் பார்லிக் கள் பரிமாறினார்கள். அன்று நாடகத்தில் மரியாளின் கணவர் சூசையாக வேடம் கட்டிய ஜெர்வேஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்கப்பன் அன்னிக்கு என்னையக் கலங்கடிச்சிட்டாரு புள்ள. நான் கதவத் தட்டுறேன். பாட்டுப்படி என்னைய விரட்டணும். இவரு உள்பக்கம் திரும்பி, மெதுவா, உங்கம்மா சீக்குல கெடந்தப்ப பேசுன கொரல்ல, 'கதவத் தாழ் போட்டுடாதேயும், சிபோட்டா வழியில வந்துக்கிட்டிருப்பா'ங்கறாரு. பெத்லகேம்ல ஏது சிபோட்டா? எனக்கு அடுத்த வரியே மறந்து போச்சு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அது பாட்டுல இல்லையா?"

"மோனையும் கெடையாது, மண்ணும் கெடையாது. சொல்லிக்கிட்டே கூட்டத்துல யாரையோ தேடினாரு."

"அப்புறம்? அப்புறம் என்ன சொன்னாரு மாமா?"

"இன்னும் கொஞ்சம் சொன்னாரு."

"ஒரு வார்த்தையாச்சும் சொல்லுங்க."

ஜெர்வேஸ் கண்ணை மூடி யோசித்தார். "சனம் போட்ட கூச்சல்ல காதுல விழல தாயி. உதடு அசைஞ்சதத்தான் பாத்தேன்."

வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர்களை அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள். வயிறு வலிக்கச் சிரித்தோம் என்றார்கள்.