தாம்பாளத்தில் போன சீருடை

இனாமாகக் கொடுக்கப் போகிறவன்தான் உலகத்தில் அதிக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்தவர் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் இது புரியும். எண்பதுகளில், ஏற்காட்டு மலையில் ஏழைப் பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடாமலிருக்க, சேலத்துக் கம்பெனி ஒன்று படிப்புச் செலவும் சீருடையும் கொடுத்து வந்தது. வாங்க வராதவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பள்ளிக்கூட அட்டெண்டரான என் வேலை.

ஒரு வருடம் அவற்றைக் கொடுக்கப் பள்ளிக்கூடத்தில் நடந்த விழாவில் இருந்தவர்கள்: கம்பெனி மேனேஜர், போட்டோக்காரர், தலைமையாசிரியை, ஆயா, நான், பதினொரு பெண்கள், ஒன்பது அம்மாக்கள், அப்பா ஒருவர். அந்த அப்பாவும் மழைக்கு ஒதுங்கியவர். வரவேண்டிய பெண்கள் பன்னிரண்டு.

கையில் போன ஷூ

மேனேஜர் ஷூவும் கொடுத்தார். விழா முடிந்ததும் கரடியூர்ப் பிள்ளைகள் அதைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு சேற்றில் இறங்கினார்கள். மேனேஜருக்கு முகம் வாடிவிட்டது. அளவு சரியில்லையா என்று ஒரு அம்மாவைக் கேட்டார்.

"நொம்பச் செரியா இருக்குதுங்க. காலு நனஞ்சா ஊடு போறதுக்குள்ள காஞ்சுருமுங்க. இது நனஞ்சா தை மாசந்தானுங்க காயும்!"

சிரிக்காதே

ஏழைப் பிள்ளைகள் என்று போட்டோவில் தெரிய வேண்டுமாம். யாரும் சிரிக்கக் கூடாது என்றார் போட்டோக்காரர். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நடுவில் நின்ற மேனேஜரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு அம்மாவின் குரல் வந்தது:

"ஏனுங்க, குடுக்கறவரு சிரிக்கலாம், வாங்கற புள்ளைங்க மட்டும் அழுவோணுங்களா?"

பன்னிரண்டாவது பெண்

வராதவள் செம்மநத்தம் வள்ளி, ஒன்பதாம் வகுப்பு. தாய்மாமன் தன் மகனுக்கு அவளைக் கேட்கிறார், வெற்றிலை மாற்றிவிட்டால் படிப்பு அவ்வளவுதான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். புது மனிதர்களிடம் பேர் சொல்லவே எனக்குக் கூச்சம். ஆனாலும் ஒரு சீருடை கொடுபடாமல் கிடக்கிறதே!

அது இருந்த காகிதப் பை மழையில் ஊறிக் கிழிந்துவிட்டது. விழாத் தாம்பாளம் ஒன்றில் சீருடையை வைத்தேன். "பொம்பளப்புள்ள ஊட்டுக்கு வெறுந்துணியாவா கொண்டுபோவாங்க?" என்று ஆயா, விருந்தாளிகளுக்கு வாங்கிய வெற்றிலை பாக்கையும் ஆறு வாழைப்பழத்தையும் அதில் அடுக்கிவிட்டார்.

செம்மநத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தாம்பாளத்தை ஏந்தியபடி நடந்தேன். பின்னாலேயே பாதி ஊர் வந்தது. ஏன் என்று கேட்கவும் கூச்சம். வள்ளி வீட்டு வாசலில் அவள் அம்மா நின்றார். பக்கத்திலேயே தாய்மாமன், பேசி முடிக்க வந்திருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், சட்டென்று இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

"ஏனுங்க, மாப்பிள்ளை ஆரு? உங்க பையனா?" என்றார் மாமன்.

தலையாட்டி மறுத்தேன்.

"அப்ப நீங்களா?"

எனக்கு வயது ஐம்பது. வாயில் வந்தது ஒரே சொல்: "கம்பெனி."

ஊர் சிரித்த சிரிப்பில் கோழிகள் சிதறி ஓடின. சிரிக்காதவர் அந்த அம்மா மட்டும்தான். "ஊரு பாக்கத் தட்ட வாங்கிட்டனுங்கண்ணா. திருப்பிக் குடுத்தா நம்ம ஊட்டுக்குத்தான் கேவலம். பத்தாவது முடியட்டும், அப்பறம் பேசிக்கலாம்" என்றார் தன் அண்ணனிடம்.

மாமன் மீசையைத் தடவினார். "மாமனுக்கு முந்தித் தட்டத் தூக்கிட்டு வந்த கம்பெனிய இப்பத்தான் பாக்கறன். செரி, பத்தாவது வரைக்கும் அவனே படிக்க வெக்கட்டும்."

அதற்குள் தாம்பாளத்திலிருந்து சீருடையை உள்ளே எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்துவிட்ட வள்ளி கதவோரம் தலையை நீட்டினாள்.

"பாவாடை பெருசுங்க. மடிச்சுத் தெச்சுக்கறன், பத்தாவதுக்கும் ஆவும்!"

பேசத் தெரிந்த ஒருவரை அனுப்பியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். என்னை அனுப்பியதில் பன்னிரண்டு பெண்களும் படித்தார்கள், சீருடை மிச்சமில்லை, தாம்பாளத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று அந்த அம்மா வைத்தனுப்பிய வகையில் மிச்சம் வாழைப்பழம் ஒன்று.