டிக்கியில் இரண்டு தட்டு

இன்று காலை எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இரண்டாம் மாடிக்காரரின் புது வண்டி கிளம்ப மறுத்துவிட்டது. மனிதர் பொத்தானை அழுத்துகிறார், திரையில் என்னென்னவோ விளக்குகள் எரிகின்றன, வண்டியிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. பால் வாங்கிக்கொண்டு வந்த நான், பையைத் தூணோரம் வைத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் டிக்கியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துவிட்டேன். அவர் பதறிப்போய் இறங்கி வந்தார். "ஆன்ட்டி, இது ஆட்டோமேட்டிக். தள்ளினா எல்லாம் ஸ்டார்ட் ஆகாது. போன் பண்ணிட்டேன், ஆள் வந்துடுவாங்க" என்றார். ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி காலங்காத்தாலே தன் காரைத் தள்ள வந்து நிற்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அடக்கிக்கொண்டார். நல்ல பிள்ளை.

அசடு வழியக் கையை எடுத்தேன். உள்ளங்கையெல்லாம் பனி ஈரம், கொஞ்சம் தூசி. கார் தகரத்தின் அந்தச் சில்லிப்பு, முந்தானையில் துடைத்த பிறகும் கையைவிட்டுப் போகவில்லை. மாடிக்கு வந்து பாலை அடுப்பில் வைத்தேன். சித்தப்பா ஞாபகத்தில் அது பொங்கி வழிந்துவிட்டது.

இந்த அடுக்ககம் நிற்கிற இடத்தில்தான் எங்கள் மயிலாப்பூர் வீடு இருந்தது. முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் அப்பாவின் தம்பி குடும்பம். நடுவே நீளமாக ஒரு சந்து. ஒரு பக்கம் துணிக்கொடி, இன்னொரு பக்கம் தாத்தா வாங்கிய மாரிஸ் மைனர். வெளுத்த பச்சை நிறம். கதவைத் திறந்தால் பெட்ரோலும், வெயிலில் காய்ந்த ரெக்ஸினும், டாஷ்போர்டு குழியில் அப்பா போட்டுவைத்திருக்கும் விபூதிப் பொட்டலமும் சேர்ந்த ஒரு வாசனை வரும். பாண்டி பஜார் பக்கம் விமான டிக்கெட் பதிவுசெய்யும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்த புதிது. அப்பாவின் அலுவலகமும் தியாகராய நகர்தான். தினமும் காரில் போய் இறங்குகிறவள் என்று அலுவலகத்தில் எனக்கு ஏக மரியாதை. அந்தக் கார் எப்படிக் கிளம்பியது என்பது அவர்களுக்குத் தெரியாது.

செல்ஃப் எடுக்காது. அதாவது, எடுக்கும், ஆனால் அதற்கு மனசு வர வேண்டும். சாவியைத் திருகி, டாஷ்போர்டில் இருக்கும் குமிழை இழுத்தால், செல்ஃப் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் பாய்ந்துபோய் இன்ஜினின் பெரிய பல்சக்கரத்தைக் கவ்விச் சுழற்ற வேண்டும். பெரிய சக்கரத்தில் ஓரிடத்தில் பற்கள் தேய்ந்து மொண்ணையாகிவிட்டன. அணைக்கும்போது இன்ஜின் பெரும்பாலும் அந்த இடத்திலேயே வந்து நிற்கும். அப்புறம் குமிழை எத்தனை முறை இழுத்தாலும் வெறும் 'விர்ர்' என்ற சத்தம்தான். கியரைப் போட்டுவிட்டு, பின்னாலிருந்து ஒரு அடி தள்ளினால் போதும். சக்கரம் கொஞ்சம் திரும்பி நல்ல பல் எதிரே வந்துவிடும். செல்ஃப் இல்லாமலே கிளப்ப, முன்னால் விட்டுச் சுற்றுகிற கம்பி ஒன்றும் உண்டு. அதைச் சின்ன வயதில் சித்தப்பா கிணற்றில் போட்டுவிட்டதாக அப்பா சொல்வார், அண்ணன்தான் போட்டான் என்று சித்தப்பா சொல்வார்.

தள்ளுவது சித்தப்பாவின் வேலை. பனியனும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக வருவார், ஒரு மாட்டைப் பூட்டிவிடலாமா என்று அண்ணனைச் சீண்டுவார், தள்ளுவார். நகர்ந்தது போதும் என்றால் டிக்கியில் இரண்டு தட்டு தட்டுவார். அப்பா கியரை எடுத்துவிட்டுக் குமிழை இழுப்பார். கொர்ரென்று பிடித்துக்கொள்ளும். நானோ, இஸ்திரி போட்ட புடவையும் கைப்பையுமாக ஓரமாக நின்று இந்த வைபவத்தை மேற்பார்வை பார்ப்பேன். இன்ஜின் கிளம்பிய பிறகு ராணி மாதிரி ஏறி உட்காருவேன்.

என் பாட்டி ஒரு மாதம் முன்கட்டிலும் ஒரு மாதம் பின்கட்டிலுமாக இருந்தவள். எங்கள் பக்கம் இருந்த மாதத்தில் இறந்துபோனாள். பதினாறாம் நாள், பந்தியில் அத்தனை உறவினர் உட்கார்ந்திருக்கும்போது சித்தப்பா சொன்னார்: "என் பக்கம் இருந்தவரைக்கும் அம்மா நல்லாத்தான் இருந்தாங்க."

துக்கத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் அப்பா சாப்பாட்டில் கை வைத்தபடியே இருந்துவிட்டு, இலையை மடக்கி எழுந்துவிட்டார். அதோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. பெண்கள் நாங்கள் எப்போதும்போல் துணிக்கொடியடியில் பேசிக்கொண்டோம். அவர்கள் இருவரும் சந்தில் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி, மற்றவர் போய்விடுவார்.

அடுத்த வாரம் அப்பா வேலைக்குக் கிளம்பினார். குமிழை இழுத்தார். விர்ர். மறுபடி விர்ர். தானே இறங்கிக் கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். அவருக்குத் தோள்வலி. கைப்பையைக் கீழே வைக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். பின்கட்டுக் கதவு திறந்தது. சித்தப்பா வாயில் பிரஷ்ஷோடு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. கையை வைத்துத் தள்ளினார், இரண்டு தட்டு தட்டினார், திரும்பிப் போய்விட்டார். அப்பா வண்டியை எடுத்தார். கேட்டைத் தாண்டும்போது ஒரு முறை ஆரன் அடித்தார். தெருவில் ஒரு நாய்கூடக் குறுக்கே வரவில்லை.

அதன்பின் வருஷக்கணக்கில் அதுதான் அவர்களுடைய பேச்சு. காலையில் விர்ர், ஒரு அடி, இரண்டு தட்டு, கேட்டருகே ஒரு ஆரன். சித்தப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் அப்பா வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் போவார். அந்தப் பற்களை மாற்றிவிடலாம் என்று மேற்கு மாம்பலத்து மெக்கானிக் பாபு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்பார் அப்பா. கஞ்சத்தனம் என்று அம்மா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு சித்தப்பாவுக்குக் குடலிறக்கத்துக்கு அறுவைசிகிச்சை ஆனது. கனமாக எதையும் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததைத் துணிக்கொடியடியில் சித்தி அம்மாவிடம் சொன்னாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா மோரை மட்டும் வேண்டாம் என்றார். மறுநாளே ஒரு லோடு வண்டியில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு பாபுவின் ஷெட்டுக்குப் போய்விட்டார்.

பாபு பெரிய பேச்சுக்காரர். ஜப்பான் வண்டியின் சின்ன செல்ஃப் ஒன்றைப் பட்டறையில் கடைந்து இதற்குப் பொருத்தப் போவதாகவும், இன்ஜினை இறக்கி அந்தப் பெரிய பல்சக்கரத்தையும் மாற்றிவிடப் போவதாகவும் அப்பாவிடம் மணிக்கணக்கில் விளக்கினார். "இனிமே தொட்டா போதும் சார். எவனும் பின்னால கையி வெக்க வாணாம்" என்றார். அப்பா தலையாட்டினார். அதற்காகத்தானே வந்திருந்தார்.

வண்டி வந்த மறுநாள் காலை. இழுக்கிற குமிழுக்குப் பதில் ஒரு கறுப்புப் பொத்தான். வண்டி இல்லாத நாட்களில் நன்றாக ஓய்வெடுத்திருந்த சித்தப்பா, கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் வழக்கம்போல் வந்துவிட்டார். ஒரு கையால் அடிவயிற்றை லேசாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். மறு கையை டிக்கியில் வைத்தார். அப்பா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, அவர் தள்ளிவிடுவாரோ என்ற பயத்தில் அவசரமாகப் பொத்தானை அழுத்தினார். வண்டி சட்டென்று கிளம்பிவிட்டது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. கேட்டருகே அப்பா ஆரன் அடித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா அதே இடத்தில், நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாதவர்போல நின்றிருந்தார்.

அவருக்காகத்தான் செய்தது என்று அம்மா சித்தியிடம் சொன்னாள். சித்தி அவரிடம் சொல்லியும் பார்த்தாள். "ஒரு அடி தள்றதுக்குக்கூட நான் லாயக்கில்லைன்னு அவனே முடிவு பண்ணிட்டானா?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அவர் காலையில் வெளியே வரவில்லை.

அப்பா இதை எதிர்பார்க்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, பொத்தானைத் தொடாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகும். ஏதாவது சொன்னால், இன்ஜின் சூடாகட்டும் என்பார். கிளப்பாத இன்ஜின் எப்படிச் சூடாகும் என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் வெகுநேரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது பின்கட்டுக் கதவு திறந்தது. சித்தப்பா படியில் நின்றார், சந்தின் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அதான் புதுசு போட்டாச்சே."

அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்பாவின் காதில் விழுந்த முதல் பேச்சு அது. பதிலுக்கு ஒரு வார்த்தை வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமோ என்னவோ. அப்பாவின் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. கதவும் மூடிக்கொண்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பாமல் அப்பா மேற்கு மாம்பலத்துக்கு வண்டியை விட்டார். பழைய செல்ஃபையே திரும்ப மாட்டித் தர முடியுமா என்று பாபுவிடம் கேட்டார். பாபு என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "இன்னா சார், நல்லாத்தானே ஓடிக்கினு கீது. அத்தப் போயி இன்னாத்துக்குக் கயட்டணும்?" என்றார். பழைய பல்சக்கரம் இரும்புக் கடைக்குப் போய்விட்டது, இனி அந்த செல்ஃப் இந்தச் சக்கரத்தைக் கவ்வாது என்று பாபு பொறுமையாகச் சொன்னார். அப்பா பள்ளிக்கூடப் பையனைப்போலக் கேட்டுக்கொண்டு நின்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, ரயில் போவதைப் பார்க்கிற சாக்கில் ஷெட்டைவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் சித்தப்பா, தான் நடத்திவந்த கடையை மூடிவிட்டு நங்கநல்லூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். பின்கட்டுக்குப் பூட்டு விழுந்தது. போகும் அன்று அப்பா முன்னறையில் பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போகலாமா என்று அவ்வப்போது அம்மாவைக் கேட்பார். அவருக்கு அத்தனை பக்தி கிடையாது. போனால் கோவிலோடு திரும்பிவிடுவார், சித்தப்பா இருந்த தெருவுக்குள் வண்டி திரும்பாது.

அந்தத் தெருவுக்கு நாங்கள் போனது சித்தப்பா இறந்த அன்று. சேதி வந்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். அன்றைக்காவது அது மக்கர் பண்ணியிருக்கலாம். தொட்டதும் கிளம்பிவிட்டது.

மயானத்துக்குப் போய்வந்து, குளித்து, ஈரத்தலையோடு அப்பா வண்டிக்கு வந்தார். அம்மா சித்தியோடு தங்கிவிட்டாள். சாவு வீட்டிலிருந்து போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். நானும் ஏறி உட்கார்ந்தேன். அப்பா பொத்தானைத் தொடவில்லை. கியரைப் போட்டார்.

"இறங்கி ஒரு அடி தள்ளும்மா" என்றார்.

"கிளம்புமேப்பா."

"தெரியும்" என்றார்.

இறங்கினேன். கைப்பையை ரோட்டிலேயே வைத்தேன். டிக்கியில் கை வைத்துத் தள்ளினேன். அசையவில்லை. கியரில் கிடக்கும் வண்டி அத்தனை கனம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு அடிதானே என்று அத்தனை வருஷம் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து, அழுகையோடு தள்ளினேன். நகர்ந்தது. இரண்டு தட்டு தட்டினேன். அப்பா கொஞ்சநேரம் கழித்துத்தான் பொத்தானை அழுத்தினார். நான் வந்து ஏறிக்கொண்டதும் வண்டி சித்தப்பா இருந்த வீட்டு வாசலைத் தாண்டியது. அங்கே ஒரு முறை ஆரன் அடித்தார். சாவு வீட்டு வாசலில் ஆரன் அடிக்கிறார்களே என்று வெளியே நாற்காலியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அப்பாவும் போய், சந்தும் துணிக்கொடியும் கிணறும் போய் அடுக்ககம் வந்துவிட்டது. கிணற்றைத் தூர்க்கும் முன் ஆள் இறங்கிச் சேறு வாரினார்கள். வண்டியைச் சுற்றிக் கிளப்புகிற அந்தக் கம்பி கிடைக்கவில்லை. இரண்டு பேருமே பொய் சொல்லியிருக்கிறார்கள்.

சற்றுமுன் மளிகை வாங்க அந்தப் பழைய மாரிஸை எடுக்கக் கீழே போனேன். இரண்டாம் மாடிக்காரர் இன்னும் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தார். நான் பொத்தானை அழுத்தியதும், "இந்த வயசுலயும் டக்குனு ஸ்டார்ட் ஆகுதே ஆன்ட்டி" என்று ஆச்சரியப்பட்டார். ஆமாம் என்றேன். தள்ளுவதற்குச் சித்தப்பாவும் இல்லை, ஆரன் அடிப்பதற்கு அப்பாவும் இல்லை. வண்டி மட்டும் தொட்டதும் கிளம்பிவிடுகிறது.